கேளிக்கையும் நேர்த்திக்கடனும்

மலை இல்லாத ஊர்க்காரர்கள் இயந்திரத்தில் மலையைச் செய்துகொண்டார்கள். ரஷ்யாவில் குளிர்காலத்தில் மரச்சட்டங்களை உயரமாகக் கட்டி, சரிவில் தண்ணீர் ஊற்றி உறையவிட்டு, அதன்மேல் சறுக்கி விளையாடியிருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அதையே பனி இல்லாமல் சக்கரம் வைத்துச் செய்தபோது ‘ரஷ்ய மலைகள்’ என்று பெயர் கொடுத்தார்கள். ரோலர் கோஸ்டருக்குப் பிரெஞ்சில் இன்றைக்கும் அதுதான் பெயர். அமெரிக்காவில் விவகாரம் வேறு மாதிரி. பென்சில்வேனியாவில் மாக் சங்க் என்ற ஊரில் 1827-ல் நிலக்கரியை மலையிலிருந்து ஆற்றங்கரைக்கு இறக்கத் தண்டவாளம் போட்டார்கள். கரி வண்டிகள் தம் பாரத்தாலேயே கீழே ஓடிவரும். காலி வண்டிகளைக் கோவேறு கழுதைகள் மேலே இழுத்துப் போகும். இறங்கும்போது அந்தக் கழுதைகளும் வண்டியில் நின்றுகொண்டு வரும். பிற்பாடு கரிக்கு வேறு வழி கிடைத்ததும் மனிதர்கள் காசு கொடுத்து அந்தப் பாதையில் ஏறி இறங்கினார்கள். லமார்க்கஸ் தாம்சன் என்பவர் அதையொட்டி 1884-ல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் ஒரு பாதை கட்டினார். மணிக்கு ஆறு மைல் வேகம், ஐந்து சென்ட் கட்டணம். இன்றைய கேளிக்கைப் பூங்காக்களின் தலைகீழ் ஓட்டங்களுக்கு மூத்தவர்களில் ஒருவர் அவர்.

பண்டம் சுமந்த பாதை ஆளைச் சுமந்து விளையாட்டுக் காட்டியது. உழைப்பின் கருவி கேளிக்கையின் கருவியாக மாறிய கதைகளில் இது ஒன்று. மலை இல்லாதவன் மலையைக் கட்டிக்கொள்கிறான் என்பது புரிகிறது. மலையே இருக்கிற இடத்துக்குப் போகிறவன் அங்கே எதைக் கேட்கிறான் என்பதுதான் என் கேள்வி. 2025 மே மாதம் தங்கையையும் அவளுடைய இரண்டு குழந்தைகளையும் கோடைக்கானலுக்குக் கூட்டிப்போனபோது இந்தக் கேள்வி என்னோடு வந்தது.

குழந்தைகள் கேட்டது கோடைக்கானல் இல்லை. பெரியவனுக்குப் பதினொரு வயது. அவன் வகுப்புப் பையன் ஒருவன் லீவில் கேளிக்கைப் பூங்காவுக்குப் போய் வந்திருக்கிறான். தண்ணீர்ச் சறுக்கு, அலைக்குளம், தலைகீழாகச் சுற்றும் கப்பல் எல்லாவற்றையும் செல்போனில் படம் பிடித்துக் காட்டியிருக்கிறான். மதுரைப் பக்கத்திலேயே இப்படி ஒன்று இருக்கிறது. சென்னை போனால் கடற்கரைச் சாலையில் வரிசையாக இருக்கின்றன. தங்கை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

“நான் எப்படிண்ணே அங்க வர முடியும்? வருஷத் திதி முடிஞ்சு ரெண்டு மாசம்தான் ஆகுது. தண்ணியில ஆடிட்டு வந்தான்னு பேசமாட்டாங்களா?”

யார் பேசுவார்கள் என்று நான் கேட்கவில்லை. பேசுகிறவர்களின் பட்டியல் அவளுக்கும் எனக்கும் மனப்பாடம். ஆனால் அவளுடைய மாமியார், பேசுகிறவர்களில் முதல் ஆளாக இருப்பார் என்று நாங்கள் நினைத்திருந்தவர், தாமாகவே ஒரு வழி சொன்னார். பையன் சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோது பழநியில் முடியிறக்குவதாக அவன் அப்பா நேர்ந்துகொண்டிருக்கிறார். அது பாக்கி நிற்கிறது. “கோயில்னா போயிட்டு வா. அப்படியே மேல கோடைக்கானலையும் பிள்ளைகளுக்குக் காட்டிட்டு வா” என்றார்.

கேளிக்கைக்கு நம்மிடம் எப்போதும் ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது. சாமி அதில் மிகப் பழைய சாக்கு, எல்லோரும் ஒத்துக்கொள்ளும் சாக்கு. தேர்த் திருவிழா, தெப்பம், சித்திரைப் பொருட்காட்சி, ஆடி அமாவாசை என்று எதை எடுத்துக்கொண்டாலும் சாமி கும்பிடுவதற்கும் ராட்டினம் ஏறுவதற்கும் நடுவில் நாலு கடை தூரம்தான். கூடாரம் போட்டு மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவனும் அதே திருவிழாவை நம்பித்தான் ஊர் ஊராகப் போகிறான். ஆண்களுக்கு இந்தச் சாக்கு பல வழிகளில் ஒன்று. நம் வீட்டுப் பெண்கள் பலருக்கு இது ஒன்றுதான் வழி. கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லி அவர்கள் போய்ப் பார்த்த ஊர்களையும் குளித்த ஆறுகளையும் கணக்கெடுத்தால் நமது பக்தியின் வரலாற்றைக் கொஞ்சம் வேறு மாதிரி எழுத வேண்டியிருக்கும்.

பையன் லேசுப்பட்டவன் இல்லை. மொட்டையோடு பள்ளிக்கூடம் போவது எப்படி என்று முதலில் அழுதான். பிறகு பேரத்துக்கு வந்தான். “கோடைக்கானல்ல நான் சொல்ற எல்லாத்துலயும் ஏத்திவிடணும் மாமா. அப்பத்தான் மொட்டை போட்டுக்குவேன்.” நேர்த்திக்கடன் என்பதே பேரம்தான். அப்பா சாமியோடு பேசி முடித்ததை மகன் என்னோடு மறுபடி பேசி முடித்தான்.

*

போவதற்கு முன்னால் இ-பாஸ் எடுக்க வேண்டியிருந்தது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-லிருந்து உதகைக்கும் கோடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் இல்லாமல் போக முடியாது. 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள். கோடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000. காரணம் நியாயமானது. மலையின் சாலையும் தண்ணீரும் குப்பைக் குழியும் இவ்வளவுதான் தாங்கும். ஆனால் சோதனைச் சாவடியில் செல்போனை நீட்டிப் பச்சை நிறக் கட்டத்தைக் காட்டியபோது சின்னவள் கேட்டாள்: “இதுதான் டிக்கெட்டா மாமா?” ஏழு வயசுப் பெண் சொன்னது சரியாகவே இருந்தது. மலைக்கு வாசல் வைத்து, உள்ளே எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கிவிட்டோம்.

அதற்கு முன்னால் வத்தலக்குண்டில் டீ குடிக்க நின்றோம். ராஜம் அய்யர், பி.எஸ். ராமையா, சி.சு. செல்லப்பா மூவருக்கும் அது ஊர். அந்தப் பஸ் நிலையத்தில் நின்று எழுத்தைப் பற்றி நினைக்க யாருக்கும் நேரம் இருப்பதாகத் தெரியவில்லை. பலாச்சுளையும் கொய்யாவும் விற்றுக்கொண்டிருந்தார்கள். மலைக்குப் போகிறவர்கள் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

கோடைக்கானலை ஜனங்கள் கெடுத்துவிட்டார்கள் என்ற புலம்பலை நம் நண்பர்களிடமும் கேட்டிருக்கிறேன். முன்பெல்லாம் எவ்வளவு அமைதி, இப்போது பஞ்சு மிட்டாயும் பலூன் சுடுதலும் என்பார்கள். இந்தப் புலம்பலுக்குள் ஒரு பொய் இருக்கிறது. 1845-ல் அமெரிக்கப் பாதிரிமார்கள் கீழே சமவெளியின் வெக்கையிலிருந்தும் நோயிலிருந்தும் தப்பித்துக்கொள்ள இங்கே இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள். ஊர் அப்படித்தான் ஆரம்பித்தது. ஏரி என்று நாம் சொல்வது, மதுரைக் கலெக்டராக இருந்த வீர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் ஓடையை மறித்து உண்டாக்கியது. முதல் படகு தூத்துக்குடியிலிருந்து வந்தது என்று சொல்கிறார்கள். மோட்டார் போகும் மலைச்சாலை 1910-களில்தான் வந்தது. அதற்கு முன்னால் அம்மையநாயக்கனூரில் ரயிலை விட்டு இறங்கி, மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கம் மலையடிவாரத்துக்குப் போய், அங்கிருந்து செங்குத்தான பாதையில் ஏற வேண்டும். துரைகளும் துரைசானிகளும் நடக்கவில்லை. குதிரையில் போனார்கள், அல்லது நாற்காலியில் கம்பு கட்டி அதைக் கூலிகள் தோளில் தூக்கிப் போனார்கள். பியானோவும் கட்டிலும் தகரப் பெட்டியும் அப்படித்தான் ஏறின. அப்படியானால் அந்தப் படகும் மனிதத் தோளில்தான் ஏறியிருக்க வேண்டும். தண்ணீரில் மிதக்கப் பிறந்தது ஏழாயிரம் அடி காற்றில் மிதந்து போயிருக்கிறது. கீழே இருந்த தலைகளின் பெயர் எதுவும் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

ஆக, கோடைக்கானல் பிறந்ததிலிருந்தே ஓய்வுக்கும் கேளிக்கைக்குமான இடம்தான். ஏரி கட்டியது விளையாட. கோக்கர்ஸ் வாக் என்ற பாதை 1872-ல் வெட்டப்பட்டது உலாவ. பிரயண்ட் பூங்கா 1908-ல் போட்டது பார்க்க. டிக்கெட் வாங்குகிறவர்கள் இப்போது மாறியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒட்டன்சத்திரத்துக் காய்கறிக் கடைக்காரரும் திருப்பூர் பனியன் கம்பெனிப் பெண்களும் வந்து உரக்கச் சிரிக்கும்போது ஊர் கெட்டுவிட்டது என்று சிலருக்குத் தோன்றுகிறது. காட்டைப் பற்றிய கவலை உண்மையானதென்றால் அது வேறிடத்தில் தொடங்க வேண்டும். சோலையையும் புல்வெளியையும் அழித்து யூகலிப்டஸும் சீகை மரமும் பைனும் நட்டது கூட்டம் வருவதற்கு முன்னாலேயே நடந்த காரியம். இன்றைக்கு எல்லோரும் ‘இயற்கை’ என்று நின்று படமெடுத்துக்கொள்ளும் பைன் காடு ஒரு தோட்டம். வரிசை தப்பாமல் நட்ட மரங்கள். அங்கே பறவைச் சத்தம்கூடக் குறைவு.

இந்த மலையைக் கேளிக்கையாகப் பார்க்காதவர்களும் உண்டு. பளியர்கள் பங்களாக்களுக்கு வெகு காலம் முன்னாலிருந்தே இங்கே இருக்கிறார்கள். பூம்பாறையில் படிக்கட்டு வயல்களில் பூண்டு போடுகிறார்கள். கோடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சுற்றுலாக்காரன் சாலையோரம் காரை நிறுத்தி அந்த வயல்களைப் ‘பாயிண்ட்’ ஆக்கிவிடுகிறான். குனிந்து பூண்டு பிடுங்கும் பெண் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

*

பையன் கேட்டதையெல்லாம் ஏற்றிவிட்டேன். குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார். ஏரிச் சாலையில் அந்தக் குதிரைகளும் குதிரைக்காரர்களும் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அதே தூரத்தைப் போய்த் திரும்புகிறார்கள் என்று கேட்டேன். “எண்ணினா ஓட முடியாது சார்” என்றார். கோவேறு கழுதைகளாவது இறங்கும்போது வண்டியில் வந்தன.

குணா குகைக்குப் போனோம். ‘பிசாசின் சமையலறை’ என்று வெள்ளைக்காரர்கள் பெயர் வைத்த பாறை இடுக்கு. 1991-ல் ‘குணா’ படம் எடுத்த பிறகு தமிழ்ப் பெயர் வந்தது. 2006-ல் கொச்சிப் பக்கம் மஞ்ஞும்மல் என்ற ஊரிலிருந்து வந்த நண்பர்களில் ஒருவர் உள்ளே விழுந்துவிட, இன்னொருவர் இறங்கித் தூக்கி வந்தார். அது 2024 பிப்ரவரியில் மலையாளப் படமாக வந்தது. இப்போது கூட்டம் சொல்லி மாளாது. கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எல்லோரும் இருட்டைத் தேடுகிறார்கள். இருட்டு தெரியவில்லை. மர வேர்களும் வேலியும்தான் தெரிகின்றன. பையன் ஏமாந்துபோனான். “பயமாவே இல்லையே மாமா.”

தங்கை வேலியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். அவள் கணவருக்கு அந்தப் பழைய படத்தின் பாட்டு மிகவும் பிடிக்கும். வண்டி ஓட்டும்போதெல்லாம் பாடுவாராம். அதே பாட்டு மலையாளப் படத்தில் மறுபடி வந்து ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த நாட்களில் அவர் மதுரையில் ஆஸ்பத்திரியில் இருந்தார். பக்கத்துக் கட்டில்காரரின் மகன் செல்போனில் வைத்தபோது கண்ணை மூடிக் கேட்டாராம். இதை அவள் அங்கே வைத்துத்தான் எனக்குச் சொன்னாள். சுற்றிலும் ஜனங்கள் அதே பாட்டைப் பாடிக்கொண்டு ஒருவரை ஒருவர் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

கேளிக்கைப் பூங்காவின் இயந்திரங்கள் விற்பது பயத்தை. விழுவாய், ஆனால் விழமாட்டாய் என்பது அதன் ஒப்பந்தம். வயிறு கலங்கும், இடுப்பில் பெல்ட் இருக்கும். அந்தக் குகையில் ஒப்பந்தம் கிடையாது. அதனால்தான் வேலி. வேலி போட்ட பிறகு அதுவும் பூங்காவில் ஒரு பகுதியாகிவிடுகிறது. நண்பனுக்காகக் கயிறு கட்டிக்கொண்டு இறங்கியவனுடைய பயம் எதுவோ, அதை வேலிக்கு வெளியே நின்று அடைய முடியாது. ஒரு படம் அதில் கொஞ்சத்தை நமக்குக் கொடுக்கக்கூடும். கலை செய்யக்கூடியது அந்த அளவுதான், அது கொஞ்சம் இல்லை.

சாயங்காலம் மிதி படகு. நான் கரையில் நின்றுகொண்டேன். தங்கையும் பையனும் மிதித்தார்கள், சின்னவள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஏரி நட்சத்திர வடிவம் என்று சொல்வார்கள். கரையிலிருந்து பார்த்தால் வடிவம் எதுவும் தெரியாது, ஒவ்வொரு வளைவுக்கும் பின்னால் இன்னொரு வளைவு. படகு நடுவில் போய் இன்னொரு படகோடு முட்டியது. இரண்டு படகிலும் கூச்சல். பையன் எதிர்ப்பக்கமாகத் திருப்ப, படகு நின்ற இடத்திலேயே சுற்றியது. அப்போது தங்கை சிரித்தாள். கரைக்கே கேட்டது. கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் கேட்ட சிரிப்பு. சிரித்து முடித்ததும் சட்டென்று திரும்பிக் கரையைப் பார்த்தாள். யாராவது பார்த்துவிட்டார்களா என்று பார்த்தாள். அவளுக்குத் தெரிந்தவர் என்று அந்தக் கரையில் என்னைத் தவிர யாரும் இல்லை. நான் மக்காச்சோளக்காரரிடம் விலை கேட்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நமது சிறுபத்திரிகைகளில் கேளிக்கை என்ற சொல்லை வசவாகவே வழங்கி வந்திருக்கிறோம். அதற்குக் காரணங்கள் இருந்தன. வார இதழ்களும் சினிமாவும் ரசனையைக் கூழாக்கிக்கொண்டிருந்த காலத்தில் அப்படி ஒரு கோடு கிழிக்காமல் எதையும் எழுதியிருக்க முடியாது. அரசாங்கத்துக்கும் அது தனி இனம்தான். 1939-லேயே சென்னை மாகாணத்தில் கேளிக்கைக்கு வரி போடச் சட்டம் வந்துவிட்டது. கலை ஒருவனை ஏறின இடத்தில் இறக்கிவிடுவதில்லை, கேளிக்கை ஏறின இடத்திலேயே இறக்கிவிடுகிறது என்பது நம் கட்சி. ராட்டினம் இதற்கு நல்ல உதாரணம். எவ்வளவு உயரம் போனாலும் கடைசியில் அதே மரப்பலகையில்தான் கால் வைக்க வேண்டும். இந்தக் கட்சியை நான் விடவில்லை. ஆனால் இந்த வாக்கியத்தில் நாம் எப்போதும் முதல் பாதியையே அழுத்திச் சொல்லி வந்திருக்கிறோம். ஏறின இடத்தில் பத்திரமாக இறக்கிவிடப்படுவது யாருக்கு என்னவாக இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். வாசலில் செருப்பை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குள் போன மனிதர் அந்தச் செருப்பைப் போட்டுக்கொள்ளத் திரும்பி வராத வீட்டில், ஏறினவர் அரைமணி நேரத்தில் அதே துறையில் இறங்குவது சின்ன விஷயம் இல்லை. படகுத்துறைக்காரர் கையைப் பிடித்து ஒவ்வொருவராக இறக்கிவிட்டார். சின்னவள் தன் செருப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

இதைக் கலை என்று சொல்ல மாட்டேன். கலை இல்லாததனாலேயே அற்பம் என்றும் சொல்ல மாட்டேன்.

*

மறுநாள் காலை குறிஞ்சி ஆண்டவர் கோயில். சர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி லீலாவதி அம்மையார் 1936-ல் கட்டியது. பிறப்பால் வெள்ளைக்காரப் பெண்மணி, சைவத்துக்கு வந்தவர், கணவர் யாழ்ப்பாணத்தார். தெளிவான நாளில் அங்கிருந்து வடக்கே பார்த்தால் கீழே பழநி மலை ஒரு கூழாங்கல் அளவுக்குத் தெரியும். அன்றைக்குத் தெரிந்தது. குறிஞ்சிப் பூ 2018-ல் பூத்தது, இனி 2030-ல். “அப்ப எனக்குப் பதினாறு” என்று பையன் கணக்குப் போட்டான். நிலத்துக்குப் பூவின் பெயரை வைத்த நம் முன்னோர்கள் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் வரும் பூவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். தினம் காட்சி தராத ஒன்று நிலத்துக்கு அடையாளமாக இருக்கலாம் என்ற எண்ணம் அவர்களிடம் இருந்திருக்கிறது. ‘பாயிண்ட்’டுக்கு இது ஒத்துவராது. பாயிண்ட் காலை ஒன்பது மணிக்குத் திறந்தாக வேண்டும்.

அதே ஊரில் சூரிய ஆய்வகம் இருக்கிறது. 1904-லிருந்து மேகம் மறைக்காத நாளெல்லாம் சூரியனைப் படம் பிடித்து வருகிறார்கள். சூரியனின் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909-ல் அங்கிருந்துதான் கண்டுபிடித்தார். அதுவும் பார்ப்பதுதான். கோக்கர்ஸ் வாக்கில் தொலைநோக்கியில் ஒரு நிமிஷம் கண் வைப்பதும் பார்ப்பதுதான். முதலாவதற்கு நூறு வருஷப் பொறுமை வேண்டும். இரண்டாவதற்குப் பின்னால் நிற்பவரின் பொறுமை போதும்.

பெருமாள்மலையில் திரும்பிப் பழநிச் சாலையில் இறங்கினோம். வடகவுஞ்சி தாண்டி, வெயில் ஏற ஏற ஸ்வெட்டர்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. அடிவாரத்தில் வரதமாநதி அணை. பழநிக்கு வந்தபோது பையன் மௌனமாகிவிட்டான். பேரத்தின் இரண்டாவது பாதி நெருங்கிவிட்டது.

பழநியின் கதை ஒரு குழந்தையின் கோபம்தான். உலகத்தைச் சுற்றி வந்தால் பழம் என்றார்கள். ஒருவன் மயிலேறிச் சுற்றப் போனான், இன்னொருவன் அம்மா அப்பாவைச் சுற்றிவிட்டுப் பழத்தை வாங்கிக்கொண்டான். சுற்றி வந்தவன் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போய் மொட்டைத் தலையும் கோவணமுமாக மலையில் நின்றுவிட்டான். உலகத்தைச் சுற்றிவிட்டு ஏறின இடத்தில் இறங்கியபோது அங்கே பரிசு இல்லை. நான் இந்தக் கதையை முடிக்கொட்டகை வரிசையில் பையனுக்குச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு “அவரும் மொட்டைதானா?” என்றான். பிறகு உட்கார்ந்துவிட்டான். நாவிதர் தண்ணீர் தெளித்துக் கத்தி வைத்தார். முடி விழுந்த பிறகு அப்பா முகம் அப்படியே தெரிந்தது. தங்கை தலையில் சந்தனம் தடவும்போது ஒரு தரம் கையை நிறுத்தி மறுபடி தடவினாள்.

மேலே போக மூன்று வழி. ஏறத்தாழ 700 படி. 1966-லிருந்து வின்ச், தண்டவாளத்தில் பெட்டியை இரும்புக் கயிறு இழுத்துப்போகும். 2004-லிருந்து ரோப் கார். ரோப் கார் 2007 ஆகஸ்டில் விபத்துக்குள்ளாகி உயிர்கள் போயின, பிறகு சில வருஷம் ஓடாமல் நின்றது. இப்போதும் காற்று பலமாக அடித்தால் நிறுத்திவிடுகிறார்கள். அகத்தியர் கொடுத்த இரண்டு மலைகளைக் காவடி கட்டித் தூக்கிவந்த இடும்பன் இங்கேதான் இறக்கி வைத்தான் என்பது கதை. மலையைச் சுமந்து வந்தவனுக்கு எதிரே, சுமக்கப்பட்டு மலையேறுகிறவர்களின் வரிசை தினமும் நிற்கிறது. முழங்கால் தேய்ந்த கிழவிகள், கைக்குழந்தைக்காரிகள், பக்கவாதம் வந்தவர்கள். ஏறாமல் தரிசனம் செய்வது பக்திக்குக் குறைவு என்று சொல்ல எனக்கு வாய் வராது. வின்ச் இல்லையென்றால் இவர்கள் அடிவாரத்தில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள்.

குழந்தைகளுக்கு ரோப் கார்தான் வேண்டும். தங்கை செருப்பை என் பையில் போட்டாள்.

“நீங்க புள்ளைகளைக் கூட்டிட்டு அதுல வாங்கண்ணே. நான் படியில வர்றேன்.”

வெயிலில் கல் கொதித்தது. நேற்றுப் படகில் சிரித்ததற்கு இவள் இன்று வட்டி கட்டுகிறாள் என்று எனக்குப் பட்டது. கேட்டும்விட்டேன். கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை. “எதுக்கு இப்ப இந்தத் தண்டனை? யாருக்குக் காட்ட?”

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. “தண்டனையா? கல்யாணம் ஆன வருஷம் அவரும் நானும் போட்டி போட்டு ஏறினோம்ணே. நான்தான் ஜெயிச்சேன்” என்றாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

ரோப் கார் தரையை விட்டுக் கிளம்பியதும் சின்னவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பையன் சந்தன மொட்டையை வெளியே நீட்டாத குறை. சில நிமிஷம்தான். கீழே பாறையும் செடியும் நழுவின, தூரத்தில் இடும்பன் மலை எழுந்தது, எதிரே காலிப் பெட்டிகள் இறங்கிவந்தன. “மாமா, இதுதான் எல்லாத்தையும் விட சூப்பர்” என்றான். கோடைக்கானலில் நான் செலவழித்ததெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் போயிற்று. ஆண்டவன் சந்நிதிக்குப் போகும் வண்டி அவனுக்கு ராட்டினம். அதனால் சந்நிதிக்கு ஒரு குறைவும் வந்துவிட்டதாக எனக்குத் தெரியவில்லை.

2023 அக்டோபரிலிருந்து மலைமேல் செல்போனுக்குத் தடை. கோடைக்கானலில் இரண்டு நாளாக எல்லோரும் முகத்துக்கு முன்னால் எதையாவது பிடித்துக்கொண்டே இருந்தார்கள். இங்கே கைகள் சும்மா இருந்தன. ஜனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், கும்பிட்டார்கள், பஞ்சாமிர்தத்தை வழித்து நக்கினார்கள். சிரிப்பும் இருந்தது, நிறையவே இருந்தது.

படிகள் முடிகிற இடத்தில் நாங்கள் நின்றோம். கூட்டம் கூட்டமாக வந்தார்கள். காவடிக்காரர்கள், பால்குடக்காரிகள், ஏறி முடித்ததும் அப்படியே கல்லில் சாய்ந்துவிடும் பெரியவர்கள். சின்னவள் ஒவ்வொரு சேலையாகப் பார்த்து “அம்மா இல்ல, அம்மா இல்ல” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பையன் படிகளை எண்ணிப் பார்க்கக் கொஞ்ச தூரம் இறங்கினான். கீழே ஒரு திருப்பத்தில் அவள் வருவது தெரிந்தது. நடக்கவில்லை, கடைசிப் படிகளை ஓடி ஏறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. பையன் அவளைப் பார்த்ததும் திரும்பி அவனும் மேலே ஓட ஆரம்பித்தான்.